நெருப்புப்பெட்டியில் ஐந்து ஆணிகள்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் இது நடந்தது. 1999 தை மாதம், அப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த தயானி ரீச்சருக்கு நடந்தது.

தயானி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மலைக்குளிரில் வந்த அன்றே நடுங்கிப் போனாள். அதே பாடசாலையில் படிப்பித்த கமலாதேவியும் அவளுடைய ஊர்தான். பழைய குவாட்டர்ஸில் அறை பார்த்துக் கொடுத்தாள். சோறு போட்டாள். ஒரு மண்ணெண்ணெய் ஹீற்றரும் கொண்டுவந்து வைத்தாள்.

"யன்னல் இடுக்குக்குச் சாக்கை அடைஞ்சு விடு. இல்லாட்டிச் சூடெல்லாம் வெளியாலை போயிடும். நீ என்ர தங்கச்சி மாதிரி."

கூடப்பிறந்தவளைப்போல நம்பினாள் தயானி.

மறுநாள் காலை சாக்கு கீழே இருந்தது. விழுந்து கிடக்கவில்லை. நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கதவோ உள்தாழ்ப்பாள் போட்டபடி.

அடுத்த மூன்று நாளும் இதே கதை. பக்கத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருந்த விஜயலெட்சுமியிடம் கேட்டாள்.

"நான் ஏங்க டீச்சர் அதத் தொடப் போறேன்?" என்றவள், ஜன்னலை ஒருதரம் பார்த்துவிட்டு விறுவிறென்று போய்விட்டாள்.

கமலாதேவி சிரித்தாள். "காத்தாயிருக்கும். யன்னலுக்கு ஆணி அடிச்சு விடு." நெருப்புப்பெட்டியொன்றில் போட்டு ஐந்து ஆணிகளும் தந்தாள். துருப்பிடித்தவை. வளைந்து, தட்டி நிமிர்த்தியவை.

தயானி அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. பகல் இரண்டரைக்கே மூட்டம் இறங்கி அறை இருண்டுவிட்டது. ஹீற்றரைப் பற்றவைத்துவிட்டுப் படுத்தாள்.

மூன்று இருபது. தலை பாரமாக இருந்தது. எழும்ப நினைத்தாள்... கை வரவில்லை.

மூன்று முப்பது. ஜன்னல் பக்கம் ஒரு சத்தம். கிர்... கிர்...

நகத்தால் பலகையைச் சுரண்டும் சத்தம்.

உள்ளேயிருந்து.

டக். ஓர் ஆணி நிலத்தில் விழுந்தது.

யாரோ மூச்சுக்குத் தவித்தார்கள். அது தயானியின் மூச்சு இல்லை...

டக். டக்.

டக்.

டக்.

குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

தவழ்ந்தே வெளியில் வந்து வாந்தியெடுத்தாள். ஓடிவந்து தாங்கிய விஜயலெட்சுமி, திறந்து கிடந்த ஜன்னலைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

"ஒங்ககிட்டயும் சொல்லலையா, பாவிங்க! போன வருசம் ஆர்த்திகா டீச்சர் இதே ரூம்ல, இதே ஹீட்டர எரியவிட்டுப் படுத்துத்தான் செத்தாங்க. பூட்டுன ரூம்ல அது காத்தையே வெசமாக்கிருமாம், டாக்டர் சொன்னாரு. ஜன்னலோரமாத்தான் கெடந்தாங்க. ஆணி அடிச்சிருந்துச்சு, தொறக்க முடியல. நகமெல்லாம் பிஞ்சு..."

நெஞ்சு வெந்துபோய், தள்ளாடித் தள்ளாடிக் கமலாதேவியின் வாசலுக்குப் போனாள் தயானி.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

கமலாதேவி நிமிர்ந்து பார்க்கவில்லை. "யன்னல் தானாத் திறக்குதெண்டு முந்தி வந்த ரெண்டு பேரும் ஓடிட்டினம். பதிலுக்கு ஆள் நிண்டாத்தானே எனக்கு ஊருக்கு மாற்றம் தருவினம்?"

"அந்த ஆணியள்?"



"ஆர்த்திகாவை எடுத்த அண்டைக்கு, அந்த யன்னலிலை இருந்து கழட்டினது."