உறுமல் அடங்கிய பெட்டி

தெருவில் அவளுக்குக் காயில் அக்கா என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில், மோட்டாருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றுவரை அங்கேதான். கம்பி சுற்றும்போது யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பாள். எண்ணிக்கை தப்பினால் முழுக்கப் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கோபம் வந்தால் கத்த மாட்டாள், உதடு மட்டும் அசையும். “அண்ணி எண்ண ஆரம்பிச்சுட்டாங்க, எல்லாரும் ஓடிருங்க” என்பான் அவள் கொழுந்தன்.

கொழுந்தனை வீட்டில் சின்னவன் என்பார்கள். அவள் மருமகளாக வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். தாய் இல்லாத வீடு. அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஆகவே சின்னவனுக்குச் சட்டைப் பொத்தான் தைத்தது, காய்ச்சலில் நெற்றிக்கு ஈரத்துணி போட்டது, வாத்தியாரிடம் அவனுக்காகத் திட்டு வாங்கியது எல்லாம் அவள்தான். பிறகு அவன் கிடார் கற்றுக்கொண்டு, ஹோட்டல்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசிக்கும் குழுவில் சேர்ந்து, தனி அறை எடுத்துக்கொண்டு போனான். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டால், “அண்ணி மாதிரி சகிச்சுக்கிற ஆள் இன்னொருத்தி கிடைக்கணுமே” என்று நழுவிவிடுவான்.

நாற்பதைத் தாண்டியதும் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்தான். நடை திரும்பியது, குழறிய பேச்சு தெளிந்தது. இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கிடாரில் கம்பியை அழுத்துகிற கை அதுதான்.

அவள் அவனை வீட்டுக்கே கூட்டிவந்து முன்னறையைக் கொடுத்தாள். கிடார் உறையோடு பீரோவுக்குப் பின்னால் போயிற்று. கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார். அந்த அம்மா இருக்கும்வரை அமுக்குவான். அவர் செருப்பை மாட்டியதும் பந்து கட்டிலுக்கடியில் உருண்டுவிடும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், சிரிக்கச் சொன்னால் சிரிப்பான். அப்படிச் சிரிப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பட்டறையிலிருந்து வரும் வழியில் ஒரு பழைய சாமான் கடை. ஒரு சாயங்காலம் அங்கே, குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நடுவில், கிடாருக்கான, கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று கிடந்தது. மேலே போர்த்திய ரெக்சின் கிழிந்து, குமிழ் ஒன்று போயிருந்தது. ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாள். கனம் கையில் ஏறியதுமே, உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரை ஒழுங்கான ஆள் சுற்றியிருக்கிறான் என்று தெரிந்துவிட்டது.

“ஓடுமா?” என்றாள்.

“ஓடாம என்ன, சிங்கம் மாதிரி ஓடும்” என்றான் கடைக்காரன்.

“போட்டுக் காட்டுங்க.”

“கரண்ட் இல்லம்மா.”

அவன் தலைக்கு மேல் மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

சின்னவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “இது எதுக்கு அண்ணி? யாரு வாசிக்கப் போறா?”

“யாரும் வாசிக்க வேணாம். எனக்குப் பிரிச்சுப் பார்க்கணும்னு ஆசை. உன் அறையிலதான் வெளிச்சம் இருக்கு. நீ பாட்டுக்குப் படுத்திரு.”

பின்பக்கம் ஃபியூஸ் மூடியைத் திருகினாள். ஃபியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். பழைய சொந்தக்காரர் எவரோ, ஃபியூஸ் போய்ப்போய் அலுத்து, இப்படிச் சுற்றிவிட்டிருக்கிறார்.

“அடப்பாவி! வீடே எரிஞ்சிருக்கும்” என்று அதை உருவிப் போட்டுவிட்டு, சரியான அளவில் புது ஃபியூஸ் வைத்து, சுவிட்சைத் தட்டினாள். ‘பட்’டென்று ஒரு சத்தம். ஃபியூஸின் கண்ணாடிக்குள் கம்பி கருகிப் போயிற்று.

கட்டிலிலிருந்து சிரிப்பு வந்தது. யாரும் சொல்லாமல் வந்த சிரிப்பு. “நல்ல ஜோடி பார்த்துக் கொண்டாந்தீங்க அண்ணி. எனக்கும் அதுக்கும் ஒரே வியாதி.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திருப்புளியைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

விடுமுறை நாளன்று உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளைத் தூக்கியடிக்கும். அதை முதலில் வடித்தாள். பிறகு ஒரு குண்டு பல்பைப் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் கோத்தாள். உள்ளே எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ஃபியூஸ் பிழைக்கும். பழுது இல்லையென்றால் மங்கிவிடும்.

வால்வுகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் போட்டாள். பல்பு ஒரு கணம் மின்னி, மங்கியது. ட்ரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வந்த மாதிரி அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்து, மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைக்கும் வால்வை மட்டும் செருகினாள். பல்பு அறை முழுக்க எரிந்தது.

“அதுதான் திருடன்” என்றான் சின்னவன். எப்போது எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான் என்று அவள் கவனிக்கவில்லை.

அந்த வால்வு உள்ளூரில் கிடைக்கவில்லை. அவள் கணவர், லாரிக்காரர், எங்கோ தூரத்து ஊரில், பழைய ரேடியோ கடை ஒன்றில் தேடிப் பிடித்து, தன் கம்பளிச் சட்டைக்குள் சுருட்டி, தலையணைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். “ரெண்டு ராத்திரி தலைக்கு ஒண்ணுமில்லாம தூங்கினேன்டா” என்று தம்பியிடம் நீட்டினார்.

புது வால்வோடு பல்பு மங்கியது, ஃபியூஸ் நின்றது. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து ஓர் உறுமல். குமிழை முழுக்கக் குறைத்தாலும் குறையவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “மாவு மெஷின் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

“எதையும் செருகல, குமிழும் குறைச்சாச்சு. அப்படின்னா குறை கிடார் ஒயருல இல்ல, மின்சாரம் வர்ற பக்கம்தான்” என்றாள். மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கண்டென்சர்கள் வயதாகி, வயிறு உப்பி, பிசின் ஒழுக்கியிருந்தன. அவற்றை எடுத்துப் புதிது வைத்துப் பற்றவைத்தாள். மறுபடி சுவிட்ச். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கரில் காதை வைத்தால் மட்டும் லேசாக ஒரு மூச்சு.

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பீரோவுக்குப் பின்னாலிருந்து கிடாரை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவன் வலது கையால் ஒரு தட்டுத் தட்டினான். இடது கையால் அழுத்தப் பார்த்தான். விரல் கம்பிமேல் உட்கார்ந்தது, இறங்கவில்லை. ‘டப்’பென்று செத்த ஒலி ஒன்று, அத்தனை தெளிவாகக் கேட்டது.

கிடாரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு எழுந்தான். “அந்த உறுமல் இருந்திருக்கலாம் அண்ணி. அதுக்குள்ள என் கை தெரிஞ்சிருக்காது.”

“நான் யாரு, உன் கையைப் பார்க்காதவளா?” என்றாள். அவன் அவள் உதட்டைப் பார்த்தான். அது அசையவில்லை.

சில நாள் கழித்து ஒரு பிற்பகல், “தம்பி, அந்தப் பெட்டியில ஒரு குறை பாக்கி இருக்கு. கிடார் செருகினா அப்பப்ப ஒரு கரகரப்பு வருது. எங்கன்னு பிடிபடல. கம்பியில கையை வச்சா நிக்குதான்னு பார்க்கணும். வந்து பிடி” என்றாள்.

வந்தான். வலது கையை வைத்தான்.

“இடது கை.”

“எந்தக் கை வச்சா என்ன அண்ணி?”

“வலது கை வேணும், அதால கிடார் பிளக்கை ஆட்டிக்கிட்டே இரு.”

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனால் இடது கையை வைத்தான். இப்படியே தினமும் வேலை முடிந்து வந்ததும் கரகரப்பைத் தேடினார்கள். அழுத்து, விடு, அடுத்த கம்பி. அவர்கள் தேடும்போது அந்தக் கரகரப்பு வரவே வராது.

ஒருநாள் அவள் பெட்டியின் அடிப்பக்கத் திருகாணிகளை இறுக்கிக்கொண்டிருந்தாள். திருகாணி முடுக்கும் பாக்ஸ் ஸ்பேனரின் இரும்புக் குழாயை, “இதைக் கொஞ்சம் பிடி” என்று அவன் இடது கையில் கொடுத்தாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அதில் செருகிய கிடார் அவன் மடியில் மல்லாந்து கிடந்தது. பிடி தளர்ந்து குழாய் கம்பிகள்மேல் விழுந்து வழுக்கியது. ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஒலி, யாரோ ‘ஆ’ என்று ஆரம்பித்து மேலே ஏறுவது மாதிரி, நீளமாக எழுந்தது.

சின்னவன் குழாயை மறுபடி எடுத்துக் கம்பிமேல் மெதுவாக வைத்தான். அழுத்த வேண்டியதில்லை, பட்டால் போதும். வலது கையால் மீட்டிக்கொண்டே நகர்த்தினான். ஒலி நடுங்கியது, வழி தவறியது, மறுபடி வந்து சேர்ந்தது.

“இப்படி வாசிக்கிறவங்களைச் சோம்பேறிங்கன்னு கிண்டல் பண்ணியிருக்கேன் அண்ணி” என்றான். கண்ணில் நீர் நின்றது.

“எல்லாரையும் கிண்டல் பண்ணினவன்தானே நீ. அவங்களும் பண்ணட்டும்.”

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: “கரகரப்பு எப்பவுமே இல்ல, இல்லையா?”

“இல்ல.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் வந்தியா?”

“நீங்க கூப்பிட்டீங்களே.”

கை முழுக்கத் திரும்பவில்லை. கடைசி இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. ஆனால் அவன் வாசிக்கிறான். பட்டறையில் அவள் ஒரு துண்டு எஃகுக் கம்பியைக் கடைந்து, அவன் பிடிக்கு ஏற்றபடி வழவழப்பாக்கிக் கொடுத்தாள். பழைய குழுவின் டிரம்ஸ்காரர் வந்து கேட்டுவிட்டு, “உன் பழைய வாசிப்பைவிட இதுல அவசரம் கம்மிடா” என்றார். அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதா பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று சின்னவன் ஒரு வாரம் யோசித்தான்.

ஒரு கல்யாண வரவேற்புக்கு அவனைக் கூப்பிட்டார்கள். பகல் நிகழ்ச்சி. மடியில் கிடாரைக் கிடத்திக்கொண்டு, மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து சில பாட்டுகளுக்கு மட்டும் வாசித்தான். லாரிக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டுக்கும் முன்னதாகவே கைதட்டினார். அவள் ஓரத்தில் நின்று கேட்டாள்.

இறங்கி வந்ததும் சின்னவன், “எப்படி இருந்துச்சு அண்ணி?” என்றான்.

“மூணாவது பாட்டு கொஞ்சம் நீளம்.”

“அண்ணன் நல்லா இருந்துச்சுன்னாரே.”

“உங்கண்ணன் மைக் சோதிச்சதுக்கே கைதட்டினாரு.”

பெட்டியை லாரியில் ஏற்றிக் கட்டிவிட்டு, மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். சாலை குண்டும் குழியுமாக இருந்ததால் லாரிக்காரர் மெதுவாக ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் சின்னவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். அவள் தோள் மரத்துப்போயிற்று. வீடு வரும்வரை அசையவில்லை.