கழுவிப் போன செல்லுக்குக் கணக்கில்லை

அந்த ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்கலாமா? இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். பால் பாட்டில் நிப்பிள் போன்றவற்றில் நஞ்சு கசிகிறதா என்று பார்ப்போம். நிப்பிளை ஊறவைத்த திரவத்தைத் தட்டில் வளரும் செல்கள்மேல் விட்டு, மறுநாள் அவை பிழைத்திருக்கின்றனவா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பழைய முறை. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பினால், கழுவுவது, சாயம் ஏற்றுவது, படமெடுத்து எண்ணுவது எல்லாம் ஒரே மிஷின். அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை. பூஜையில் லேபில் எல்லாரும் தங்கள் மூளையையும் சேர்த்துப் படைத்துவிட்டார்கள் என்று பிறகுதான் புரிந்தது.

முதல் வாரமே ஒரு நிப்பிள் வந்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம் உயிருடன் என்றது மிஷின். நான் பழக்கத்தில், கழுவுமுன்பே தட்டைப் பார்த்திருந்தேன். செல்கள் செத்து, கழன்று, மிதந்துகொண்டிருந்தன. மிஷின் அவற்றைக் கழுவி ஊற்றிவிட்டு, மிச்சத்தை மட்டும் எண்ணியிருந்தது. வகுப்புக்கு வந்த ஐந்து பேரை எண்ணி, யாரும் லீவு இல்லை என்பதுபோல.

லேப் மேனேஜரிடம் போனேன்.

"சார், தட்டுல வழக்கமா இருக்கற செல்லுல பாதிகூட மிச்சமில்ல. இது ஃபெயில்."

"மிஷினு பாஸுன்னு சொல்லிகினு கீது, உனுக்கு இன்னாம்மா பேஜாரு?"

"செத்ததெல்லாம் கழுவிட்டுப் போயிடுச்சு சார்."

"போனது போச்சு. இருக்கிறது உயிரோட கீதா, இல்லியா?"

பக்கத்திலிருந்த டெக்னீஷியன் தேவா சிரித்தான். "சுடுகாட்டுக்குப் போனவன வுட்டுட்டு எண்ணினா ஊர்ல சாவே கெடையாது சார்."

"நீ வாய மூடிகினு வேலயப் பாரு." மேனேஜர் என்னிடம் திரும்பினார். "கொயந்த பொறந்ததுலேர்ந்து உனுக்கு எதப் பாத்தாலும் பயம்மா."

அங்கேதான் சறுக்கினேன். தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். இதுவும் அந்தப் பயம்தானோ? பழைய முறையில் மறுபடி செய்தேன். மறுபடியும் செத்தன.

"பயைய மெத்தடுக்கா இம்மாம் பெரிய மிஷினு வாங்கினோம்?" என்றார். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

என் வீரத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்ததையெல்லாம் லேப் நோட்டில் ஒழுங்காக எழுதினேன். பிறகு பாஸ் என்று சொன்ன ரிப்போர்ட்டில், சரிபார்த்தவர் என்ற இடத்தில், கையெழுத்துப் போட்டேன். நோட்டு எங்கள் அலமாரியில் இருக்கிறது. வெளியே போனது ரிப்போர்ட் மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் மருந்துக் கடையில் நிப்பிள் கேட்டேன். "எந்த கம்பெனிம்மா?" என்றார் கடைக்காரர். எங்களுக்கு வரும் மாதிரியில் வெறும் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. வாங்காமல் வந்துவிட்டேன். என் குழந்தைக்குப் பால் புகட்டப் பாலாடை இருக்கிறது. மற்ற குழந்தைகளுக்கு?

லேபில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். அந்த நோட்டுப் பக்கத்தை நான் யாரிடம் கொண்டுபோக வேண்டும்? ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்து என்பதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.