தடைக்காலத்தில் திருவேட்டக்குடி

சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை இது. கல்லூரி விடுதியில் எனக்கு இளையவளாக இருந்த கலைச்செல்வி, கணவர் முருகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் துணைக்கு அழைத்தாள். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும்போது அவர் கருத்தடை அறுவை செய்துகொண்டால் ஓய்வும் கிடைக்கும் என்று இருவரும் போட்ட திட்டம்.

இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் மிகவும் போய்விட்டது. இன்னொரு கர்ப்பத்தை உடம்பு தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். காப்பர்-டி ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கே அறுவை செய்யலாம் என்றால், முதலில் ரத்தம் ஏறட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆணுக்கோ அன்றே வீடு திரும்பும் வேலை. முருகன் சம்மதித்ததில் எனக்கு அவர்மேல் மரியாதையே வந்திருந்தது.

காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து திருவேட்டக்குடிக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். முதல் நாள் மாலையே போய்விட்டேன். மறுநாள் பிள்ளைகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு மூவரும் காரைக்கால் வந்தோம். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் கழன்றுகொண்ட முருகன் திரும்பவே இல்லை. தேடிப் போனால், பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஆபரேஷன் பண்ணுன ஆளுக்கு வலை இழுக்கத் தெம்பு இருக்காதும்பாங்க. போட்ல வேற ஆள ஏத்திக்குவாங்க."

தெம்பெல்லாம் எங்கும் போகாது என்று டாக்டரே சொன்னாரே என்றேன்.

"டாக்டரா எங்கூட கடலுக்கு வரப்போறாரு?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. கலைச்செல்விக்கு வரவில்லை, அதுதான் கொடுமை. "விடுங்கக்கா. ரத்தம் ஏறட்டும், நானே பண்ணிக்கிறேன்" என்றாள். கடைத்தெருவில் இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டாள்.

மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. மீன் இல்லை, கீரைப் பொரியல்தான். முருகனுக்கு முதலில் வைத்தாள், கேட்டபோது இன்னொரு கரண்டி. பிறகு எனக்கு, பிள்ளைகளுக்கு. நல்ல பசி, ருசித்துச் சாப்பிட்டேன். கடைசியில் அவள் உட்கார்ந்தபோது சட்டி காலி. ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

போகிறவர்களுக்கு: தடைக்காலத்தில் கடற்கரை அமைதியாக இருக்கும், மீன் சாப்பாட்டை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வெயிலுக்குக் குடை அவசியம். யார் வீட்டிலாவது சாப்பிட நேர்ந்தால், சமைத்தவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தட்டிலும் எல்லாம் விழுந்த பிறகு கை வையுங்கள். எனக்கு இது திரும்பி பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.