ராஜாமணி அக்காவின் மூக்கு

ராஜாமணி அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை, உக்கடத்தில், அவர் வீட்டிலேயே.

உடம்பு முடியாமல் இருந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. பழைய நாடகக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அழ வேண்டியவள் ஆத்திரத்தில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் டைரக்டர் போட்டிருக்கும் அஞ்சலி அப்படி.

"தொண்ணூறுகளில் நம் குழுவுக்கு உதவியாளராக இருந்த ராஜாமணி மறைந்தார்"... அவ்வளவுதான். கீழே அரக்கன் முகமூடியோடு ஆடுகிற ஒரு போட்டோ. அதன் கேப்ஷன், "அரக்கனாக என் மச்சான் சிவா."

உதவியாளராம்.

அந்த முகமூடிக்குள் இருப்பது சிவா இல்லை, அக்கா. அந்த அரக்கன் ஆடின எல்லா ஊரிலும் அக்காதான். இதை அங்கேயே கமெண்ட்டில் எழுதினேன், டெலீட் செய்துவிட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக... அப்போது கோவையில் தெரு நாடகம் போடும் சின்னக் குழு எங்களுடையது. எனக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை, அக்காவுக்கு ஸ்பின்னிங் மில்லில். முகமூடி செய்யவும் அதைப் போட்டுக்கொண்டு ஆடவும் ஒரு பயிற்சி நடந்தது, அதில் எல்லோரும் சேர்ந்தோம்.

முதலில் ஒருத்தர் முகத்தில் அச்சு எடுக்க வேண்டும். வாசலின் தடவி, கை உடைந்தால் போடுவார்களே அந்த மாவுக்கட்டுத் துணியை நனைத்து முகம் முழுக்க அப்புவார்கள். மூக்கில் மட்டும் ரெண்டு ஸ்ட்ரா. இறுகும்போது சுடும், ஆனாலும் அசையக்கூடாது.

ஹீரோ சிவா படுத்தார். கண்ணை மூடினதும் பயந்துபோய்க் கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்துவிட்டார். டைரக்டருக்கு சைனஸாம். மற்ற சிங்கங்கள் டீ குடிக்கப் போய்விட்டன.

"நான் படுத்துக்கறனுங்க. மில்லுல பஞ்சு மூக்கை அடைச்சுட்டுத்தான் என்ற பொழப்பே ஓடுது. இதென்னுங்க பெருசு" என்று அக்கா வந்து படுத்தார்.

அக்காவின் மூக்கு நடுவில் புடைத்து, ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்ததாம்.

அந்த அச்சிலிருந்து வார்த்த முகத்தின் மேல்தான் பேப்பரைக் கிழித்துக் கிழித்து மைதாப் பசையில் ஒட்டினோம். பிறகு வெளியே காகிதக் கூழில் பல், புருவம், கொம்பு. வெளிப்பக்கம் அரக்கன்... உள்பக்கம் அப்படியே அக்கா.

சிவா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, மூக்கை நசுக்குகிறது என்று கழற்றி வீசினார். வேறு செய்ய நேரமில்லை. அக்காவுக்குத்தான் அது ஒட்டினாற்போல உட்கார்ந்தது, அதனால் அக்கா ஆடினார்.

முகமூடி போட்டால் கழுத்தும் தோளும்தான் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். எங்களுக்கு வெறுமனே தலை ஆடும். அக்கா மெதுவாகக் கழுத்தைத் திருப்பினால் முன்வரிசையில் இருப்பவர்கள் பின்னால் நகர்வார்கள்.

நாடகம் முடிந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அக்கா மட்டும் கழற்றக்கூடாது, டைரக்டர் உத்தரவு.

"உள்ள பொம்பளைன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அடுத்த ஊர்ல அரக்கனைப் பாத்து எவன் பயப்படுவான் அம்மணி?" என்றார் என்னிடம். அன்றைக்கே சண்டை போட்டேன்.

அக்காதான், "உடு கண்ணு, ஆடறதுக்கு உடறாங்கல்ல, அது போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

காங்கேயத்தில் ஒருமுறை சந்தைப் பக்கம் ஆடினோம். ஓரமாகக் கட்டியிருந்த காளை அரக்கனைப் பார்த்து மிரண்டு, கயிற்றை அறுக்கிற மாதிரி துள்ளியது. ஜனங்கள் சிதறி ஓடினார்கள்.

அக்கா முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு அதன் பக்கத்தில் போனார். "ஒண்ணுமில்ல சாமி... நாந்தான், நாந்தான்" என்று சொல்லச் சொல்ல அது அடங்கியது.

காளைக்காரர், "ஏனுங் அம்மணி, இத்தன நேரம் ஆட்டம் போட்டது நீங்கதானுங்களா?" என்று கேட்டார். கூட்டமே கை தட்டியது. அக்காவின் முகத்துக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே டைரக்டர் திட்டித் தீர்த்தார். முகத்தைக் காட்டி நாடகத்தைக் கொன்றுவிட்டாராம். காளை யாரையாவது குத்திக் கொன்றிருந்தால் பரவாயில்லையா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

நேற்று உக்கடம் போனேன். ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். ஒரே கலங்கல், மூக்கே தெரியவில்லை.

அக்கா மகள் கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா நாடகத்துல ஆடுனேன்னு சொல்லுவாங்க, நாந்தான் நம்பவே இல்லீங்க. அவங்க மொகம் தெரியற மாதிரி ஒரு போட்டோ இருக்குங்களா சித்தி?"

இல்லை. யாரிடமும் இல்லை. எல்லாப் படத்திலும் அரக்கன்தான்.

அங்கிருந்து நேராக ஆர்.எஸ்.புரம். டைரக்டர் வீட்டு ஹாலில் அதே முகமூடி மாட்டியிருந்தது. கீழே "வடிவமைப்பு" என்று அவர் பெயர்.

அக்கா மகளுக்குக் கொடுத்துவிடலாமே என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "அது குழுவோட சொத்தும்மா" என்றார். குழுவே இல்லாமல் போய் எத்தனையோ காலமாகிவிட்டது.

போன் வந்து அவர் உள்ளே போனார். நான் முகமூடியை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினேன்.

பழைய பேப்பர் எழுத்துகளுக்கு நடுவே கன்னம், தாடை, அந்தக் கோணல் மூக்கு... போட்டோ எடுத்தேன். போட்டோவில் அது குழியாகவே தெரியவில்லை, நம்மைப் பார்க்கிற முகமாகத் தெரிகிறது. கீழே போட்டிருக்கிறேன், பாருங்கள்.

கோகிலாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "சித்தி... அம்மா மூக்கு."

டைரக்டர் சார், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். முகமூடியை வீட்டில் தேட வேண்டாம். உக்கடத்தில், மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரக்கனைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறோம்.

போய்ட்டு வாங்கக்கா... இந்தத் தடவை கழட்டிட்டுக் கும்பிடுங்க.