வெந்நீரில் போட்ட ஸ்வெட்டர்

தையல்காரி வேண்டுமென்றேதான் செய்தாள் என்று தெருவே சொல்கிறது. சொல்கிற வாய்க்கு என்ன, தேய்ந்தா போய்விடும்? துணியோடு பிழைக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது என்கிறார்கள். தெரியாதுதான். ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறையும் படுக்கை விரிப்பும் தைக்கிறவள் அவள். எல்லாம் பருத்தி. அழுக்கென்றால் அண்டாவில் போட்டு அவிக்க வேண்டும், அடித்துத் துவைக்க வேண்டும். உல்லன் அவள் கைக்கு வந்ததே கிடையாது.

டிரைவருக்கு இரண்டாம் தாரமாக வந்தாள். மூத்தவள் நோயில் படுத்தபடியே அவருக்காகப் பின்னிய பச்சை ஸ்வெட்டர் பெட்டியில் இருந்தது. குளிருக்கு அதை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டினார். கழுத்தும் கையும் ஒரே கிரீஸ். கேட்காமலே பளிச்சென்று ஆக்கித் தருவோம் என்று இவளுக்கு ஆசை. கொதிக்கிற நீரில் சோப்பைக் கரைத்து அமுக்கினாள்.

வெளியே எடுத்தால், ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் ஆகும். பின்னல் ஒன்றுகூடத் தெரியவில்லை. சாக்குபோலத் தடித்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் வந்து தூக்கிப் பார்த்தாள். "செத்தவ மேலயுமா பொறாமை?"

"இல்ல அண்ணி, நல்லா இருக்கட்டும்னுதான்…"

"நல்லாத்தான் இருக்கு. பொம்மை வாங்கி அதுக்குப் போட்டு விடு."

டிரைவர் மட்டும் வாயே திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அந்த மௌனம்தான் அவளைத் தின்றது. தினமும் வேலை முடிந்து வந்ததும் ஸ்வெட்டரை நனைப்பாள், கொடியில் போட்டு, கைகளில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவாள். சுருங்கிய கம்பளி நீளுமா? இவள் விரல்தான் விறைத்தது.

ஒரு காலையில் அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கையில் கேட்டே விட்டாள்.

"நான் வேணும்னு செஞ்சேன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?"

அவர் நிமிரவில்லை. "தெரியல" என்றார். அப்புறம், "வண்டிக்கு நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

ஓடிப்போனாள் என்கிறார்களே, ஓடுகிறவள் இப்படியா செய்வாள்? கற்களை அவிழ்த்தாள். ஸ்வெட்டர் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பூச்சி அரிக்காமல் நாப்தலீன் உருண்டை வைத்து, மடித்து, அதே பெட்டியில் வைத்தாள். தன் கத்தரிக்கோலை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டாள். கதவைப் பூட்டிச் சாவியை நாத்தனார் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, அந்தக் குளிரில் ஒற்றைப் பருத்திப் புடவையோடு தெருவில் இறங்கி நடந்தாள்.