துணி கட்டிய தொட்டிகள்

எங்கள் செம்பருத்திப் பண்ணைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அண்ணனைத்தான் பாராட்டுவார்கள். "என்ன கைராசி சார் உங்களுக்கு" என்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வான். அந்தக் கையில் மண் பட்டு எத்தனையோ வருஷமாகிறது. அவர்கள் பாராட்டுகிற நேரத்தில் அண்ணி பின்னால் கடைசிப் பசுமைக்குடிலுக்குள் வெள்ளை ஈ அடித்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். நான் முன்குடிலில் தொட்டிகளுக்கு மண் நிரப்பியபடி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அவன் கூடப்பிறந்தவள் நான். சம்பளத்துக்கு அங்கே வேலை செய்கிறவளும் நான்தான்.

குடில்கள் எங்கள் அப்பா போட்டவை. அப்பா காலத்தில் அவற்றில் தக்காளி வளர்ந்தது. அவருக்குப் பிறகு அண்ணன் கையில் வந்ததும் வேரழுகல் வந்தது. அவன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, அரசாங்கம் சரியில்லை, தண்ணீர் சரியில்லை, விதை சரியில்லை என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் கல்யாணமாகி வந்தாள் அண்ணி. அதற்கு முன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். செடிக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருநாள் சந்தையில் பூத்த செம்பருத்தித் தொட்டி ஒன்றை வாங்கி வந்தாள். இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குச்சிகளாக நட்டுவிட்டாள். "பைத்தியமா உனக்கு?" என்று அண்ணன் கத்தினான். பிறகு அந்தப் பைத்தியம்தான் எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டது.

தொட்டிச் செம்பருத்தி வளர்ப்பது பூ வளர்க்கிற வேலை இல்லை, கிள்ளுகிற வேலை. குச்சி வேர் பிடித்ததும் தொட்டிக்கு மாற்றி, நுனியைக் கிள்ள வேண்டும். கிளை விட்டதும் மறுபடி கிள்ள வேண்டும். மேலே ஓடாமல் இருக்க அளவாகக் குட்டை மருந்து அடிக்க வேண்டும். எல்லாம் செய்து, குண்டாக, முகம் நிறைய மொக்கோடு செடியை வண்டியில் ஏற்றினால், கடைக்குப் போய்ச் சேருவதற்குள் மொக்கெல்லாம் உதிர்ந்து தொட்டிக்குள் கிடக்கும். செம்பருத்திக்குப் பயணம் ஆகாது. அதிலும் பூத்த பூ ஒரே நாள்தான். கடைக்காரர்கள் அண்ணனைத் திட்டுவார்கள், அண்ணன் வீட்டுக்கு வந்து அண்ணியைத் திட்டுவான். உரலுக்கு ஒரு பக்கம் இடி என்றால் அவளுக்கு எல்லாப் பக்கமும்.

அண்ணி பதிலுக்குத் திட்டவில்லை. ஒரு சின்ன தூரிகையை எடுத்துக்கொண்டு காலை வேளைகளில் கடைசிக் குடிலுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவுவாள். காய் பிடித்தால் விதை எடுத்து விதைப்பாள். முளைத்து, வளர்ந்து, பூக்கும் வரை காத்திருப்பாள். பூத்தால் ஒரு பார்வை பார்ப்பாள், பிடுங்கிக் குப்பையில் போடுவாள். நல்ல நல்ல நிறங்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. எனக்கே மனசு வராது. "இது நல்லாத்தானே அண்ணி இருக்கு?" என்பேன்.

"அழகா இருக்கு. ஆனா வண்டியில ஏத்தினா அழும்" என்பாள்.

இப்படியே வருஷங்கள் போயின. கடைசியில் ஒன்று வந்தது. செங்கல் நிறம், ஓரத்தில் மட்டும் வெளிர் மஞ்சள். பூ மறுநாள் சாயந்திரம் வரை வாடாமல் நின்றது. அண்ணி அந்தத் தொட்டியை அண்ணனுக்குத் தெரியாமல் எங்கள் ஓட்டை வண்டியின் பின்னால் வைத்து, அவன் சரக்குப் போட ஊரெல்லாம் சுற்றும்போது அதையும் சுற்ற விட்டாள். திரும்பி வந்த செடியில் ஒரு மொக்கு உதிரவில்லை. அன்றைக்கு அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் போல வேறு என்றைக்கும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதில் ஒரே ஒரு சங்கடம். அதன் குச்சி வேர் விடாது. நட்டால் வாரக்கணக்கில் பச்சைப்பசேலென்று நிற்கும், புதுத் துளிர்கூட விடும். மெல்ல இழுத்துப் பார்த்தால் அடியில் ஒன்றும் இருக்காது, கையோடு வந்துவிடும். பிறகு கறுத்துப்போகும். "உன்ன மாதிரியே முசுடு" என்று அண்ணன் கிண்டல் செய்தான். அந்தப் பெயரே அதற்கு நின்றுவிட்டது. ஒட்டுக் கட்டித்தான் அதைப் பெருக்க முடியும், அதிலும் பத்தில் ஒன்று பிழைத்தால் அதிர்ஷ்டம். விதையில் முளைத்த மூலச்செடி ஒன்று, பிழைத்த ஒட்டு இரண்டு, ஆக மூன்றே தொட்டிகள் இருந்தன. ஒட்டுக்குத் தடித்த குச்சி வேண்டும் என்பதால் அந்த மூன்றை மட்டும் கிள்ளாமல் வளரவிட்டாள். அவை ஆள் உயரத்துக்கு எழும்பி, உடம்பெல்லாம் பூவாக நின்றன. அடுத்த வாரம் வெட்டி ஒட்டுக் கட்டுவதாக இருந்தோம். ஒட்டைத் தாங்க வேண்டிய அடிச்செடிகள்கூடத் தயாராக இருந்தன.

எங்கள் பண்ணையில் ஒரு சட்டம் உண்டு. தொட்டியின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் அது தாய்ச்செடி, எவர் கேட்டாலும் விற்கக் கூடாது. சட்டம் போட்டவன் அண்ணன்தான். புதிதாக வருகிற வேலைக்காரர்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுப்பான்.

அன்று அண்ணி கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தாள். நான் சாப்பிட வீட்டுக்குப் போய்த் திரும்பி, கடைசிக் குடிலுக்குத் தண்ணீர் விடப் போனேன். மேடையில் மூன்று தொட்டிகள் இருந்த இடத்தில் மூன்று ஈர வட்டங்கள் இருந்தன. குழாயின் மேல் மூன்று சிவப்புத் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மடித்து! அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் சந்தோஷம். "பெரிய ஓட்டல்லருந்து ஆளு வந்திருந்தாரு. இன்னிக்கு ஏதோ கம்பெனி விழாவாம். பெரிய செடியா, பூவோட வேணும்னாரு. நம்மகிட்ட எல்லாம் குட்டையாத்தானே இருக்கு? பின்னாடி கூட்டிட்டுப் போனேன். பார்த்ததும் அசந்துட்டாரு."

"துணி கட்டியிருந்துச்சேண்ணா?"

"அசிங்கமா இருந்துச்சு, அவுத்துட்டேன். மூணு தொட்டி போனா என்ன இப்ப? உள்ள தட்டு நிறைய குட்டி வெச்சிருக்காளே, பச்சையா நிக்குதே."

குச்சிகளை வேர் விட ஈரத்தில் வைக்கும் பந்தலுக்குள் போய், அண்ணி விடாமல் நட்டுப் பார்த்த அந்த முசுட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவன் முன்னாலேயே ஒவ்வொரு குச்சியாக இழுத்து அவன் மடியில் போட்டேன். ஒன்றிலும் வேர் இல்லை. வெட்டிய அடி வெட்டியபடியே இருந்தது. இத்தனை வருஷம் செம்பருத்தி விற்கிறவன், குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தெரியாதவன்! "விதைநெல்லைக் குத்தித் தின்னுட்டியேடா பாவி" என்று கத்தினேன். அண்ணனை அதுவரை நான் 'டா' போட்டதில்லை.

அந்த நேரத்தில் அண்ணி வந்து இறங்கினாள். வாய்க்குள் பஞ்சு, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, மரத்துப்போன உதடு தொங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள், அவன் மடியில் கிடந்த குச்சிகளைப் பார்த்தாள். கடைசிக் குடிலுக்கு ஓடினாள். திரும்பி வந்தாள். ஒட்டுக் கத்தியையும் ஒரு ஈரச் சாக்கையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நான்தான் ஓட்டினேன்.

ஓட்டல் மண்டபத்துக்குள் நுழைந்தோம். மேடையில் பெரிய வளைவு ஒன்று. அதில் முசுட்டின் கிளைகளை வெட்டி வெட்டிச் செருகியிருந்தார்கள். இலையும் தண்டும் தெரியாமல் தங்கப் பெயின்ட் அடித்திருந்தது. பூக்களை மட்டும் விட்டிருந்தார்கள்.

"வேரெல்லாம் எங்க?" என்று அலங்காரக்காரரைக் கேட்டேன்.

"தொட்டி, மண்ணு, கட்டை எல்லாம் இப்பத்தான் குப்பை லாரியில போயிருச்சும்மா. எங்களுக்குக் கிளைதானே வேணும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு என்ன தெரியும்?

அண்ணி அதற்குள் ஏணியைச் சாய்த்து மேலே ஏறியிருந்தாள். வளைவின் முதுகுப் பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை என்று அங்கே சரியாகப் பெயின்ட் அடிக்கவில்லை. அங்கிருந்து ஒவ்வொரு கிளையாக உருவினாள். பெயின்ட் படாத தடித்த துண்டுகளை மட்டும் வெட்டி என்னிடம் கொடுத்தாள். நான் ஈரச் சாக்கில் சுற்றினேன். வளைவு ஒரு பக்கம் மொட்டையாகிக்கொண்டு வந்தது. மேனேஜர் ஓடி வந்து, விருந்தாளிகள் வந்துவிடுவார்கள் என்று கெஞ்சினார், பிறகு மிரட்டினார். அவர் பின்னாலேயே அண்ணனும் வந்து சேர்ந்தான்.

"இறங்கு. நாலு பேரு முன்னாடி மானத்தை வாங்காத. இனி இவங்க நம்மகிட்ட வாங்குவாங்களா?"

அண்ணி ஏணியில் நின்றபடியே வாயிலிருந்த ரத்தப் பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வார்த்தைகள் குழறித்தான் வந்தன.

"நிலம் உங்க அப்பாவோடது. குடில் உங்களோடது. பேரும் உங்களோடது. நான் எதையாவது கேட்டிருக்கேனா? இந்த மூணு தொட்டி மட்டுந்தான் என்னோடது. இத்தனை இருக்கையில அதுல போயி கை வெச்சீங்களே."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேனா?"

"தினமும் சொன்னேன். நீங்க என்னிக்குக் கேட்டீங்க?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் அப்பா அண்ணனைப் பார்த்துத்தான் சொல்வார். அந்த வாய் அன்றைக்கு அடைத்துப்போய் நின்றதை நான் கண்குளிரப் பார்த்தேன்.

அன்றே ஒட்டுக் கட்டினோம். அண்ணி கன்னத்தைத் தோளில் அழுத்திக்கொண்டே குச்சியின் அடியை ஆப்புப் போலச் சீவுவாள். நான் அடிச்செடியின் தலையை வெட்டிப் பிளந்து தருவேன். அவள் செருகி நாடாவால் இறுக்குவாள், நான் பாலித்தீன் பையால் மூடுவேன். பெயின்ட் நாற்றம் கையை விட்டுப் போகவே இல்லை. அடுத்த வாரங்களில் ஒவ்வொன்றாகக் காய்ந்தது. சிலவற்றில் கணு பருத்தது, நம்பிக்கையாக இருந்தது, அதுவும் கறுத்தது. அண்ணன் தினமும் குடில் வாசல் வரை வந்து எட்டிப்பார்ப்பான். உள்ளே வர தைரியமில்லை.

அவன் வருந்தவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்து போனான். என் வீட்டுக்காரரிடம் வந்து அழுதானாம். சரி, மனுஷன் திருந்துகிறான் என்று நானும் நினைத்தேன். அதே வாரத்தில் வாசலில் ஒரு நர்சரிக்காரரிடம் அவன் பேசியது என் காதில் விழுந்தது. "புதுசா ஒரு ரகம் உருவாக்கியிருக்கோம் சார். வண்டியில ஏத்தினாலும் மொக்கு உதிராது. ஒட்டுப் பொழைச்சு வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்." உருவாக்கியிருக்கோமாம்! அண்ணியும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். உள்ளே போனாள்.

மறுநாள் அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். கையில் வாளி, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. நேரே என் மாடிப் பால்கனிக்குப் போய், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, துண்டை எடுத்தாள். உள்ளே ஒரு தொட்டி. ஒட்டு கூடியிருந்தது. கணுவிலிருந்து இரண்டு இலைகள் விரிந்திருந்தன.

"அண்ணி! பொழைச்சிருச்சா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா? அவன் சரியா சாப்பிட்டே எத்தனை நாளாச்சு."

"எல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அண்ணி?"

"செத்துப்போச்சுன்னு அவர் நம்புற வரைக்குந்தான் இது உயிரோட இருக்கும்" என்றாள். பிறகு தண்ணீர் எவ்வளவு விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயந்திரமே அண்ணன் முன்குடிலில் என் பக்கத்தில் வந்து நின்றான். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. கண் சிவந்திருந்தது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது என்னைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்.

"நெஜமாவே ஒண்ணுகூடப் பொழைக்கலியா? அவ என்கிட்ட சரியா பேச மாட்டேங்கிறா. நீயாவது சொல்லு."

தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். என் சதை ஆடவில்லை. கையிலிருந்த தொட்டியில் மண்ணை அழுத்திக்கொண்டே, அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்லண்ணா. ஒண்ணுகூட இல்ல."