சப்ளையர்: கோமதியம்மன்

அக்கா அதை ஒருநாளும் ஆப் என்று சொன்னதில்லை. ஆப்பு என்றுதான் சொல்வாள். "ஏட்டி, உன் ஆப்பு என்ன சொல்லுது?" என்று பின்னறையிலிருந்து சத்தம் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆப்பு இல்லக்கா, ஆப்" என்பேன். "ரெண்டும் ஒண்ணுதான். என்னைக்காவது நமக்கு வைக்கும் பாரு" என்பாள்.

அத்தான் தவறிய பிறகு அக்கா என் வீட்டோடு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டை ஒட்டிய அந்த வீட்டில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே சோப்பு செய்தோம். எண்ணெயைக் கலக்கி அச்சில் ஊற்றுவது அவள் வேலை. கணக்கு என் வேலை. தேங்காய் எண்ணெய் ஒரு அளவு காஸ்டிக் சோடா கேட்கும், நல்லெண்ணெய் வேறு அளவு கேட்கும். எந்த எண்ணெய் எத்தனை கிராம் என்று தட்டினால் எவ்வளவு காஸ்டிக், எவ்வளவு தண்ணீர் என்று என் போனில் இருந்த அந்த ஆப் சொல்லிவிடும். கையிருப்பைக் குறைத்துக்கொள்ளும். ஊற்றிய சோப்பு காய்ந்து தயாராகும் நாளில் போனில் மணியடித்துச் சொல்லும்.

அச்சில் ஊற்றும் ஒவ்வொரு ஊற்றுக்கும் அது ஒரு பெயர் கேட்கும். பெயர் வைக்காமல் மேலே போக விடாது. பெயர் வைப்பது அக்காவின் உரிமை. ஒருமுறை காரம் தூக்கலாகப் போய்த் தோலை எரித்த சோப்புக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தாள். அவளுடைய மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். நான் மாற்றச் சொன்னேன். "அவுக என்ன ஆப்பா பாக்கப் போறாக?" என்றாள்.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் கடை போட்டால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: புற்றுமண் சோப்பு இருக்கா? கோமதியம்மன் கோயிலில் கொடுக்கும் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் சொறி சிரங்கு போகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வெளியூர்க்காரர்கள் அதற்கென்றே பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். அதைச் சோப்பில் போட்டால் போட்டி போட்டு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா அசையவே மாட்டாள். "சாமி மண்ண சோப்புல போட்டா அது எங்கன போகும்? பாத்ரூம் வழியா சாக்கடைக்குப் போகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்ட்டி." நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவோம். அந்த அலைச்சலை அவள் பொறுத்துக்கொண்டாள். அரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. இரத்தத்தில் கழிவு தேங்குவதால் வரும் அரிப்பு என்றார் டாக்டர். வெளியில் ஒரு தடிப்பும் இருக்காது, உள்ளுக்குள் ஊறும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். சீப்பை எடுத்துச் சொறிந்தாள். சீப்பை ஒளித்து வைத்தேன். கட்டில் சட்டத்தில் முதுகைத் தேய்த்தாள். அதை எங்கே ஒளிப்பது?

சோப்பு எதைப் போட்டாலும் எரிந்தது. எங்கள் சோப்பும்தான். வெறும் தண்ணீரை ஊற்றி, டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவிவிடுவேன். ஊரையே நுரை போட்டுக் குளிக்க வைத்தவள் ஈரத் தலையோடு உட்கார்ந்து, "குளிச்ச மாதிரியே இல்லட்டி. ஒரே ஒரு நாளு நுரை போட்டுக் குளிக்கணும். எரியாம" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். "செஞ்சு தாரேன், சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன்.

அதன்பிறகு ஆப்பும் நானும்தான். தேங்காய் எண்ணெயைக் குறைத்து நல்லெண்ணெயைக் கூட்டினால் மென்மை என்ற கோடு ஏறும், நுரை என்ற கோடு இறங்கும். நுரையைக் கூட்டினால் மென்மை போய்விடும். உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்ற கதை. காய்ச்சி எடுக்கும் முறையில் சீக்கிரம் தயாராகும் என்று அப்படியும் ஒன்று செய்தேன். முன்கையில் தேய்த்த உடனே அக்கா கையை இழுத்துக்கொண்டாள். "மாமியாருக்கு நாத்தனாரு இது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

கடைசியில் காஸ்டிக்கைக் குறைத்து, எண்ணெய் தாராளமாக மிஞ்சும்படி ஒரு கணக்குப் போட்டேன். நுரைக்குக் கொஞ்சம் ஆமணக்கெண்ணெய். இது ரொம்ப மெத்தென்று இருக்கும், சீக்கிரம் கெட்டுப்போகும் என்று மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இதை யார் விற்கப் போகிறார்கள்? ஆனால் ஆறு வாரம் காய வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். இந்த முறையும் வேண்டாம் என்பாள், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். அவள் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். "விக்கதுக்கு இல்லல்லா, போடு. ஆனா நான் பாத்ரூம்ல குளிக்க மாட்டேன். பின்னால வாழ மூட்டுல பலகை போடு. தண்ணி மண்ணுக்குத்தான் போகணும்."

ஆப்பின் பட்டியலில் எத்தனையோ நாட்டு மண் இருந்தது. பச்சை மண், சிவப்பு மண், எரிமலைச் சாம்பல்கூட இருந்தது. எங்கள் ஊர் மண் இல்லை. புதிதாகச் சேர்த்தேன்.

"சப்ளையர் யாருன்னு கேக்குதுக்கா."

"கோமதியம்மன்னு போடு. நம்ம ஊர்ல வேற யாரு?"

"ஊத்துக்குப் பேரு?"

கேலியாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். "எனக்கு" என்றாள். "எனக்குன்னே போடு."

அப்படியே போட்டேன். மறுநாள் கட்டிகளாக அறுத்தபோது கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டில் அடுக்கி, காற்றுப்படும்படி அவள் கட்டிலுக்கு எதிரிலேயே வைத்தேன். விடிந்ததும் அதைத்தான் பார்ப்பாள். "காயுதாட்டி?" என்பாள். "காயுதுக்கா" என்பேன். வீட்டுக்குப் பின்னால் வாழைமரத்து மூட்டில் பலகை போட்டு, சுற்றிச் சேலையால் மறைப்பும் கட்டிவிட்டேன். எனக்கு அவசரம்.

சோப்பு காய்வதற்குள் அக்கா போய்விட்டாள். டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், மேலநீலிதநல்லூர் தாண்டியதும், காரில் என் தோளில் சாய்ந்திருந்தபடியே போய்விட்டாள். தூங்குகிறாள், சொறியாமல் தூங்குகிறாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் எழுப்பியபோதுதான் தெரிந்தது.

அவளைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் வந்தது. குளிப்பாட்டும் இடத்தை நான்தான் சொன்னேன்: வாழை மூடு. பெரியம்மா முறையில் ஒருத்தி எண்ணெயும் சீயக்காயும் எடுத்து வைத்தாள். நான் உள்ளே போய்த் தட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்தேன்.

"சோப்பா? முறை இல்லயே மக்கா" என்றாள் பெரியம்மா.

"இது அவ சோப்பு."

"காய்ஞ்ச மாதிரியும் தெரியலயே."

"காயலதான். இனிமே அவளுக்கு எரியுமா?" என்று கத்தினேன். பிறகு யாரும் தடுக்கவில்லை. சீப்பின் பல் பதிந்த கோடுகள் கையெல்லாம் இருந்தன. அவற்றின் மேல் மெதுவாகத் தேய்த்தேன். பழக்கதோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வாழைக்குள் போனது.

காரியங்கள் முடிந்து வீடு காலியான பிறகு சோப்பு செய்யும் பின்னறைக்குள் நான் போகவில்லை. ஆர்டர் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. ஒருநாள் போனில் செய்தி வந்தது. புற்றுமண் கையிருப்பு குறைந்துவிட்டது, கோமதியம்மனைத் தொடர்புகொள்ளவும் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை அவளிடம் சொல்ல வேண்டுமே என்று கட்டில் பக்கம் திரும்பினேன்.

பிறகு ஒரு காலையில், காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது, மணியடித்தது. ஆறு வாரம் ஆகியிருந்தது. "எனக்கு: தயார்."

தம்ளரை வைத்துவிட்டுப் போய் ஒரு கட்டியை எடுத்தேன். கத்தியில் ஒட்டியதா இது என்று கேட்கும்படி இறுகியிருந்தது. பாத்ரூமுக்குப் போகவில்லை. அவிழ்க்காமல் விட்டிருந்த மறைப்புக்குள் போய், அவளுக்காகப் போட்ட பலகையில் உட்கார்ந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். கடைசி நாட்களில் கட்டிலில் அவளைப் புரட்டிப் போடும்போது சட்டத்தில் உரசி உரசி என் முழங்கையில் தோல் வழன்று, இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது. சோப்பை அதன் மேலேயே வைத்துத் தேய்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நுரை மெல்ல வந்தது. வெண்ணெய் மாதிரி கெட்டியாக வந்து நின்றது.

"எக்கா," என்றேன், "எரியலக்கா."